ஃப்ளோட் டேங்கில் முதல் முறை: ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து விடுதியில் ஃப்ளோட் டேங்க் அறையைக் கவனித்துக்கொள்வது என் வேலை. சேலத்திலிருந்தும் நாமக்கல், ஈரோட்டிலிருந்தும் போன் வரும். கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. அதனால் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் வைத்திருக்கிறேன். எங்களிடம் வந்தாலும் வேறு ஊரில் போனாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

"ஃப்ளோட் டேங்க்னா என்னங்க? உள்ள போய் என்ன செய்யணும்?"

ஒரு ஆள் கை காலை அகட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு தொட்டி. அதில் முழங்கால்கூட நனையாத ஆழத்தில், அதாவது 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை, தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரில் சில நூறு கிலோ எப்சம் உப்பைக் கரைத்திருப்பார்கள். சூடு 34 முதல் 35.5 டிகிரிக்குள். நம் தோலின் சூடும் ஏறக்குறைய அதுதான் என்பதால், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சூடாகவும் தெரியாது, குளிராகவும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல், மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். வழக்கமாக ஒரு மணி நேரம்.

உள்ளே செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. கேட்பவர்களுக்கு அதுதான் நம்ப முடியாததாக இருக்கிறது.

"எனக்கு நீச்சல் தெரியாது. முழுகிட மாட்டேனா?"

மாட்டீர்கள். நல்ல தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் கடல் தண்ணீர் 1.025. இந்தத் தொட்டித் தண்ணீர் 1.25-ஐ ஒட்டி இருக்கும், சாக்கடல் அளவுக்கு. நம் உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய நல்ல தண்ணீருக்குச் சமம். அதனால் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீருக்கு மேலேயே நிற்கும். ஒல்லியோ பருமனோ, எல்லோரும் மிதப்பார்கள். காலை அழுத்தினாலும் மேலே வந்துவிடும்.

ஆனால் கழுத்து மட்டும் இதை நம்பாது. முதல் முறை வருகிற எல்லோருமே, நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட, தலையைத் தாங்களே தூக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு கழுத்து வலிக்கிறது என்கிறார்கள். தலையைத் தண்ணீரிடம் கொடுத்துவிட வேண்டும். காது வரைதான் நனையும், மூக்கும் வாயும் வெளியில்தான் இருக்கும். முதல் முறை வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒன்றைத்தான். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வைத்தால் கழுத்து சீக்கிரம் தளரும். அப்படியும் முடியவில்லை என்றால் தலைக்கு வைக்க மிதவை வளையம் தருகிறோம், வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

"நான் கிணத்துல மல்லாக்க மிதந்து வளர்ந்தவன். இதுல என்ன புதுசா இருக்கு?"

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கேட்டது. நியாயமான கேள்வி. கிணற்றில் மிதக்கும்போது மூச்சை நெஞ்சில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறோம். மூச்சை முழுசாக விட்டால் உடம்பு இறங்கும், கால் தானாகத் தாழும். நமக்குத் தெரியாமலே கையால் துழாவிக்கொண்டுதான் இருப்போம். தண்ணீரும் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், அரை மணியில் குளிரெடுக்கும்.

இங்கே மூச்சை முழுசாக விட்டாலும் இறங்க மாட்டீர்கள். அந்தப் பெரியவர் வெளியே வந்து, "கிணத்துல நான் மிதந்தேன், இங்க அதுவே என்னைத் தூக்கி வச்சுக்குச்சு" என்றார். நான் இத்தனை வரியில் எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

"அது என்ன உப்பு? சமையல் உப்பா?"

இல்லை. எப்சம் உப்பு, மெக்னீசியம் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டால் கொடுப்பார்களே, அதேதான். வாழைக்கும் தென்னைக்கும் இலை மஞ்சளடித்தால் உரக்கடையில் வாங்கிப் போடுவதும் இதுதான். எப்சம் என்பது இங்கிலாந்தில் உள்ள ஊர். அங்கே 17-ஆம் நூற்றாண்டில் கசப்பான ஊற்றுத் தண்ணீரிலிருந்து இதை எடுத்ததால் அந்தப் பெயர்.

சேலத்துக்காரர்களுக்கு இதன் உறவுக்காரக் கல் ஒன்று கண்ணெதிரே கிடக்கிறது. செட்டிச்சாவடி, கருப்பூர்ப் பக்கம் வெள்ளை வெளேரென்று வெட்டி எடுக்கிறார்களே வெள்ளைக்கல், அது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். அதைக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால் கிடைப்பது மெக்னீசியம் சல்பேட்தான்.

பேதி உப்பு என்ற பெயரை மறக்காதீர்கள். தொட்டித் தண்ணீரை விழுங்கக் கூடாது. கசப்பு தாங்காது என்பதால் யாரும் வேண்டுமென்று விழுங்குவதும் இல்லை.

"அந்த மெக்னீசியம் தோல் வழியா உடம்புல ஏறுமாமே?"

விளம்பரங்களில் அப்படித்தான் போடுகிறார்கள். தோல் வழியாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஏறுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. உப்பின் வேலை உங்களைத் தூக்கிப் பிடிப்பது, அதை அது நன்றாகவே செய்கிறது. மெக்னீசியம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதற்கு அவர் சொல்லும் வழிதான் சரி.

"மூடியைப் போட்டுப் பூட்டிருவீங்களா? மூச்சு முட்டாதா? நடுவுல கரண்ட் போனா?"

பூட்டே கிடையாது. மூடியை ஒரு கையால் உள்ளிருந்தே தள்ளித் திறக்கலாம். காற்று புகாத பெட்டியும் இல்லை, காற்று வந்து போக வழி இருக்கிறது. எந்த ஊரில் போனாலும் முதலில் துணியோடு நின்று மூடியை நீங்களே இரண்டு முறை திறந்து மூடிப் பாருங்கள். அந்த ஒரு நிமிடம் உள்ளே பத்து நிமிடப் பயத்தை மிச்சப்படுத்தும்.

மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போவது சகஜம். போனால் உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இருட்டில்தானே இருக்கிறார்? இத்தனை கனமான உப்புத் தண்ணீர் சட்டென்று ஆறியும் போகாது.

"எனக்கு இருட்டே ஆகாது. நான் வரவே கூடாதா?"

வரலாம். விளக்கை எரிய விடலாம், மூடியைத் திறந்தே வைக்கலாம். நிறையப் பேர் அப்படித் தொடங்கி, பாதியில் அவர்களாகவே அணைத்துவிடுவார்கள். அணைக்காமலே முடித்தவர்களும் உண்டு, அதுவும் சரிதான். இருட்டு ஒரு வசதி, கட்டாயம் இல்லை. லிஃப்டில் ஏறினாலே நெஞ்சு படபடக்கும் என்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். மூடியில்லாத, அறை மாதிரியே அமைந்த தொட்டிகளும் சில ஊர்களில் இருக்கின்றன, அவை உங்களுக்கு இன்னும் வசதி.

"எத்தனையோ பேர் படுத்த தண்ணி. சுத்தமா இருக்குமா?"

இதைக் கேட்காமல் எங்கேயும் இறங்காதீர்கள். அவ்வளவு உப்பையும் ஒவ்வொருவருக்கும் மாற்ற முடியாது, அதே தண்ணீர்தான் சுத்திகரித்துப் பயன்படுகிறது. ஒருவர் எழுந்ததும் மொத்தத் தண்ணீரும் வடிகட்டி வழியாகச் சில சுற்று போய் வர வேண்டும். கூடவே புற ஊதா விளக்கோ ஹைட்ரஜன் பெராக்சைடோ, அது மாதிரி ஒரு கிருமிநீக்க ஏற்பாடு இருக்க வேண்டும். "இந்த உப்பில் கிருமியே இருக்காது" என்று யாராவது சொன்னால் அந்த ஒரு பதிலை நம்பி இறங்க வேண்டாம். உப்பு பல கிருமிகளை அடக்கும், எல்லாவற்றையும் அடக்காது.

இரண்டு பேருக்கு நடுவே எவ்வளவு நேரம் விடுகிறீர்கள் என்று கேளுங்கள். பத்து நிமிடம் என்றால் யோசியுங்கள். உங்கள் பங்கும் ஒன்று உண்டு. இறங்கும் முன் தலையோடு சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அடுத்தவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது.

"துணி போட்டுக்கலாமா? பொம்பளைங்க தனியா வரலாமா?"

ஒரு அறைக்கு ஒருவர்தான். தாழ்ப்பாள் உங்கள் பக்கம். வெளிநாட்டில் பெரும்பாலும் துணியில்லாமல்தான் மிதக்கிறார்கள். காரணம் எளிது, தோலில் எதுவும் உரசாமல் இருந்தால்தான் உடம்பின் எல்லை மறக்கும். நீச்சல் உடையோடு வந்தாலும் தடையில்லை. நைட்டி, சுடிதார் மாதிரித் தொளதொளத் துணி மட்டும் வேண்டாம், தண்ணீரில் விரிந்து உடம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

தனியாக வரும் பெண்கள், வெளியே யார் இருப்பார்கள், அறையில் கேமரா இல்லையே, அவசரத்துக்கு அழைக்க மணி இருக்கிறதா, இந்த மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

"தாலி, கொலுசெல்லாம் கழட்டணுமாங்க?"

மோதிரம், வளையல், கம்மல் எல்லாம் கழற்றி வைப்பது நல்லது. கொலுசு கட்டாயம் கழற்ற வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆசையாக வாங்கிய முத்துக் கொலுசின் இடுக்கிலெல்லாம் உப்பு புகுந்து காய்ந்து நிற்கும். அதோடு, அந்த அமைதியில் கொலுசின் ஒரு சின்னச் சிணுங்கலும் பெரிய சத்தம்.

தாலியைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, நான் சொல்வதும் இல்லை. சங்கிலியில் கோத்த தாலி என்றால் போட்டுக்கொண்டே மிதக்கலாம், வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். புதிதாக மஞ்சள் பூசிய கயிறு என்றால் தண்ணீரில் சாயம் இறங்கும். அது கொஞ்சம் பழசான பிறகு வாருங்கள்.

"வர்றதுக்கு முன்னாடி என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?"

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு வர வேண்டாம். எத்தனை சீயக்காய் போட்டாலும் மிச்ச எண்ணெய் தண்ணீரில் படலமாக மிதக்கும். தலைக்குச் சாயம் அடித்திருந்தால் அலசும்போது நிறம் இறங்குவது நிற்கும்வரை பொறுங்கள். முந்தின நாளும் அன்றைக்கும் சவரம், வேக்சிங் கூடாது. மறந்து செய்துவிட்டு வருகிறவர்களை உள்ளிருந்து கேட்கும் "ஸ்ஸ்" சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், அந்த உப்பு அப்படி எரியும். சின்னக் கீறலுக்கு மேலே வாசலின் தடவிக்கொள்ளலாம்.

ஒன்று ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். வெறும் வயிறு என்றால் அதன் சத்தத்தையே ஒரு மணி நேரம் கேட்க வேண்டியிருக்கும். தோட்டத்துக் காபி மணக்கத்தான் செய்யும், அதை மிதந்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு வருபவர்களை நாங்கள் இறக்குவதில்லை.

அப்புறம் மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைச்சுற்றலோடு நேரே தண்ணீரில் படுத்தால் குமட்டும். ஏறும்போது அடைத்த காதும் முழுசாகத் திறந்திருக்காது. ஒரு மணி நேரமாவது முன்பே வந்து ஏரிக்கரையில் நடந்துவிட்டு வாருங்கள்.

"எந்த நாள்ல வந்தா நல்லது?"

வார நாட்களில். மே மாதக் கோடை விழா சமயத்தில் வண்டிச் சத்தம் அதிகம். காதடைப்பான் கீச்சுச் சத்தத்தைத் தடுக்கும், ஆனால் லாரியின் உறுமலும் திருவிழா மேளமும் சுவர் வழியாகத் தண்ணீருக்குள்ளேயே வந்துவிடும்.

"மாதவிலக்கு நாள்ல வரலாமா?"

நீச்சல்குளத்துக்கு உள்ள விதிதான். கப் அல்லது டாம்பான் பயன்படுத்துபவர்கள் வரலாம். நாப்கின் மட்டும்தான் என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள், கட்டணம் பிடிக்கக் கூடாது.

"சுகர், பிரஷர் இருக்கு. பிரச்சினை வருமா?"

சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆறாத புண் இருந்தால் வேண்டாம். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வராதீர்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், இயல்பிலேயே அழுத்தம் குறைவானவர்களுக்கும் எழும்போதுதான் கவனம் தேவை. வெதுவெதுப்பில் ஒரு மணி நேரம் படுத்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். முதலில் உட்காருங்கள், பத்து மூச்சு விடுங்கள், கைப்பிடியைப் பிடித்து எழுங்கள். உப்புத் தண்ணீர் சொட்டிய தரை வழுக்கும்.

கட்டுக்குள் இல்லாத வலிப்பு, சிறுநீரகக் கோளாறு, தொற்றும் தோல் நோய், வயிற்றுப்போக்கு, புதிதாகக் குத்திய டாட்டூ, இவை இருந்தால் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகளில் பலர் முதுகு பாரம் இறங்குகிறது என்று விரும்பி மிதக்கிறார்கள். ஆனாலும் உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்ட பிறகுதான், அதுவும் முதல் மூன்று மாதம் கழித்து.

"கண்ணுல பட்டா? காதுல போனா?"

கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும். ஈரக் கையை முகத்துக்குக் கொண்டுபோவதால்தான் பெரும்பாலும் படுகிறது. மூக்கு அரிக்கும், கை தானாகப் போகும். விட்டுவிடுங்கள், அரிப்பு அடங்கிவிடும். பட்டே விட்டால், கைக்கெட்டும் இடத்தில் நல்ல தண்ணீர் ஸ்ப்ரேயும் துண்டும் இருக்கும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

காதுக்கு மெழுகு அல்லது சிலிகான் அடைப்பான் தருவோம். குளிக்கும் முன்பே, காது காய்ந்திருக்கும்போதே வைக்க வேண்டும், ஈரத்தில் ஒட்டாது. செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வரக் கூடாது.

"சரி, உள்ள அந்த ஒரு மணி நேரம் என்னதான் நடக்கும்?"

முதல் ஐந்து நிமிடம் தொட்டியின் சுவரில் மோதிக்கொண்டிருப்பீர்கள். தோள் ஒரு பக்கம் தட்டும், கால் விரல் மறுபக்கம் தட்டும். கையையும் காலையும் அகட்டி இரண்டு பக்கச் சுவரையும் தொட்டு, நடுவில் நின்றதும் மெதுவாக விடுங்கள். அசைவு நின்றுவிடும்.

அடுத்த பதினைந்து இருபது நிமிடம்தான் சிரமம். கேஸை அணைத்தோமா, பையன் டியூஷனுக்குப் போனானா, அந்த லெட்டருக்குப் பதில் போட்டோமா என்று எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். கழுத்து பழையபடி விறைக்கும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் "நமக்கு இது வராது" என்று முடிவுகட்டுகிறார்கள். எழுந்துவிடாதீர்கள். மூச்சை வெளியே விடும்போது உடம்பு ஒரு நூல் அளவு தாழ்வதும், இழுக்கும்போது ஒரு நூல் அளவு எழுவதும் தெரியும். அதை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள்.

அப்புறம் இதயம் அடிப்பது கேட்கும். மூச்சின் சத்தம் பெரிதாகும். கை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பது ஒரு கட்டத்தில் தெரியாமல் போகும். இன்னும் ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது முடிவதற்கான இசை மெதுவாக ஒலிக்கும். தறிப் பட்டறை நடத்தும் ஒரு அக்கா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருபது வருஷத்துல ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடாம இருந்தது இன்னிக்குத்தான் தம்பி" என்றார். இந்த வேலையை நான் விடாமல் செய்வது அந்த மாதிரி முகங்களைப் பார்ப்பதற்காகத்தான்.

"தூங்கிட்டா?"

தூங்குங்கள். இந்தத் தண்ணீரில் தூக்கத்தில் குப்புறப் புரள்வது எளிதில் நடக்காது. லேசாகத் திரும்பினாலே கண்ணில் உப்புப் பட்டு எழுப்பிவிடும்.

"உருவமெல்லாம் தெரியும், குரல் கேட்கும்னு சொல்றாங்களே?"

அந்தப் பேச்சு இந்தத் தொட்டியின் வரலாற்றிலிருந்து வருகிறது. 1954-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஜான் லில்லி என்ற ஆய்வாளர் முதல் தொட்டியை அமைத்தார். வெளியிலிருந்து ஒளி, ஒலி எதுவும் வராவிட்டால் மூளை தூங்கிப்போகுமா என்பது அவருடைய கேள்வி. தலையை மூடும் முகமூடியோடு தண்ணீருக்குள் தொங்கவேண்டியிருந்த ஏற்பாடு அது. மூளை தூங்கவில்லை, விழிப்பாகவே இருந்தது. பிற்காலத்தில் அவர் எல்எஸ்டி, கெட்டமின் போன்ற போதைப்பொருட்களை எடுத்துக்கொண்டு தொட்டியில் படுத்தார். விசித்திரக் கதைகளில் பல அந்தக் காலத்தவை. உப்பில் மிதந்து படுக்கும் இப்போதைய வடிவத்தை 1970-களின் தொடக்கத்தில் கிளென் பெர்ரி என்பவர் செய்து விற்கத் தொடங்கினார்.

சாதாரணமாக வருகிறவர்களில் சிலருக்கு ஒளிப் புள்ளிகள், நிற அலைகள் தெரியும். தூங்கப்போகும் முன் கண்ணை மூடினால் தெரியுமே, அந்த வகை. பலருக்கு ஒன்றும் தெரியாது. மனச்சிதைவு போன்ற நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டும் மனநல மருத்துவர் சரி என்று சொல்லாமல் வர வேண்டாம்.

"மனக் கவலைக்கு இது மருந்தா? மாத்திரையை நிறுத்திரலாமா?"

நிறுத்தவே கூடாது. 2018-இல் அமெரிக்காவின் டல்சா நகரிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. பதற்றமும் மன அழுத்தமும் சார்ந்த கோளாறு உள்ள 50 பேரை ஒரு மணி நேரம் மிதக்க வைத்தார்கள். அந்த நேரத்துப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. ஆனால் அது ஒரே ஒரு முறை மிதந்ததன் உடனடி விளைவு. வேறொரு சிகிச்சையோடு வைத்து ஒப்பிட்ட ஆய்வும் அல்ல. இறுகிக் கிடந்த உடம்பு ஒரு மணி நேரம் இளகுகிறது, அன்றிரவு தூக்கம் நன்றாக வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். அது பெரிய விஷயம். சிகிச்சைக்கு மாற்று அல்ல.

"வீட்டுலயே தொட்டி கட்டி உப்பு போட்டா ஆகாதா?"

ஒரு லிட்டர் கரைசலுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு வேண்டும். ஆள் படுக்கும் தொட்டிக்கு 800 லிட்டர் என்றால் 400 கிலோ. அதை 35 டிகிரியிலேயே வைத்திருக்க ஹீட்டர், மேலே சொன்ன வடிகட்டி, கிருமிநீக்கம் எல்லாம் சேர்த்தால் வீட்டுக்குச் சரிப்படாது. சூடு குறைந்தால் உப்பு படிகமாகிக் குழாயை அடைக்கும் தொல்லை வேறு. வெந்நீரில் ஒரு பிடி எப்சம் உப்பு போட்டுக் காலை வைத்துக்கொள்வது இதமாக இருக்கும், ஆனால் அது வேறு அனுபவம்.

"முடிஞ்சதும் உடனே வண்டியை எடுத்து இறங்கிரலாமா?"

அரை மணி நேரமாவது உட்காருங்கள். மிதந்து எழுந்ததும் உடம்பு கனமாகத் தெரியும், கவனம் மெதுவாகத்தான் திரும்பும். அந்த நிலையில் கொண்டை ஊசி வளைவு வேண்டாம். இருட்டிவிட்டது, பனி இறங்கிவிட்டது என்றால் உடன் வந்தவர் ஓட்டட்டும்.

"எனக்கு ஒண்ணுமே நடக்கலை. காசு வீண்தானா?"

முதல் முறை முழுக்கக் கழுத்தோடும் சுவரோடும் மல்லுக்கட்டியே போய்விடுகிறவர்கள் நிறைய. எனக்கும் முதல் முறை அப்படித்தான் போனது. இரண்டாவது முறை எங்கே என்ன இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும், அந்தச் சண்டை பாதியாகக் குறையும். முடிந்தால் இரண்டு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டாவது முறையும் பிடிக்கவில்லை என்றால் இது உங்களுக்கானது இல்லை, அவ்வளவுதான். மூன்று முறை, ஐந்து முறை என்று பேக்கேஜாக முன்பணம் கட்டச் சொன்னால் முதல் முறை மிதந்து பார்க்கும் முன் கட்டாதீர்கள்.

"உள்ள படுத்திருந்தப்ப செத்துப்போன எங்க அப்பா நெனப்பு வந்து அழுதுட்டேன். இது தப்பா? திரும்ப வரலாமா?"

தப்பே இல்லை. வெளியில் சொல்லத் தயங்கினாலும், கேட்பவர்கள் அதிகம். கவனத்தைத் திருப்ப உள்ளே போன் இல்லை, பேச்சு இல்லை. தள்ளி வைத்திருந்தது மேலே வருகிறது. அழலாம், சுவர் கனமானது, வெளியே கேட்காது. கண்ணீரைத் துடைக்க மட்டும் ஈரக் கையைக் கொண்டுபோக வேண்டாம், துண்டை எடுங்கள்.

தாங்க முடியவில்லை என்றால் விளக்கைப் போட்டு எழுந்து வந்துவிடலாம், நேரத்தை முடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. துக்கம் மிகப் புதியது, சில வாரம்தான் ஆகிறது என்றால் கொஞ்சம் பொறுத்து வாருங்கள். அந்தச் சமயத்தில் தனியாக இருட்டில் படுப்பதைவிடப் பக்கத்தில் ஆள் இருப்பது நல்லது. மறுபடி வரும்போது நேரத்தைப் பதியும் போதே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு அடுத்து யாருக்கும் நேரம் கொடுக்காமல் வைக்கிறேன். முடிந்ததும் திண்ணையில் வேண்டிய மட்டும் உட்கார்ந்திருக்கலாம்.